சிவப்புப் பெட்டியில் பச்சைக் கட்டை

அத்தியாயம் 9

பங்கஜத்தின் புடவை அடுக்கில், இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒரு சிவப்பு விளையாட்டுக் கட்டை ஒளிந்திருந்தது. உலர்ந்த துணிகளை அலமாரியில் வைக்கப் போன சுந்தரவல்லி அதைக் கண்டு திகைத்து நின்றபோது நாம் அவளை விட்டு வந்தோம்.

அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு பங்கஜம் பரிமாறிய குழம்பில் உப்புக்கூடக் குறைவாகத்தான் தெரிந்தது அவளுக்கு. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண், குழந்தையின் விளையாட்டுச் சாமானைப் புடவைக்குள் வைத்திருப்பானேன்? ராயப்பேட்டையில் அவள் அக்காவுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. அதற்காகத்தான் இருக்கும். இன்று கட்டை, நாளை எதுவோ.

விடிந்தால் வியாழக்கிழமை. சாயங்காலம் எழும்பூரில் வண்டி. பாண்டி பஜார் ஜவுளிக் கடையில் புதிதாகத் திறக்கப்போகும் மேட்சிங் ரவிக்கைப் பகுதியின் அழைப்பிதழைத் திருச்செந்தூரில் முருகன் காலடியில் வைத்து வாங்கிவர, கடை முதலாளி நல்லசிவமும் சுந்தரவல்லியும் மகள் தங்கபுஷ்பமும் கிளம்புகிறார்கள். வீட்டில் இருக்கப்போவது நல்லசிவத்தின் தம்பி ஜவஹரும் அவன் மனைவி பங்கஜமும்தான்.

"சாவியைப் பங்கஜத்துக்கிட்ட குடுத்துரு. பீரோச் சாவி, அடுக்களைச் சாவி எல்லாம்" என்றார் நல்லசிவம் காலையில், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே.

"என் தங்கச்சி இசக்கியம்மாளை வரச் சொன்னா என்ன? சிந்தாதிரிப்பேட்டை என்ன ரொம்பத் தூரமா? நாம திரும்புற வரைக்கும் இருந்துட்டுப் போவா."

நல்லசிவம் திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்கு வந்தவ ஒருத்தி இருக்கும்போது உன் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சாவி குடுத்தா, அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்? அவ அப்பா காதுக்குப் போனா நம்மள என்ன நினைப்பாரு?"

"சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுதேன்."

"சாவி குடுக்க என்னளா யோசனை?"

அவள் அடுக்களைக்குப் போனாள். அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பங்கஜம் தலை நிமிரவில்லை. கூடத்தில் பேசினது அடுக்களையில் கேட்கும் வீடுதான் அது.

இந்தக் கட்டைகளின் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

சுந்தரவல்லியின் அண்ணன் சுயம்புலிங்கம் சிங்கப்பூரில் இருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். வீடு கட்டலாம், லாரி செய்யலாம். மருமகள் தங்கபுஷ்பத்துக்கு அதில் ஆசை என்று தெரிந்ததிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். முதலில் வந்தது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடங்கியது. பிறகு பிஸ்கட் டின்னுக்குப் போனது. அப்புறம் முறுக்கு டின்னையே காலி செய்ய வேண்டியதாயிற்று. அதுவும் போதாமல் கட்டைகள் கட்டிலடியிலும் அரிசிப் பானையிலும் கிடந்தன. ஒருநாள் நல்லசிவம் வெறுங்காலால் ஒன்றை மிதித்துவிட்டு, அன்று கடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தார்.

"கடைக்காரன் வீட்டுல சரக்கு இப்படியா சிதறிக் கிடக்கும்?" என்றார் மாலையில்.

சுந்தரவல்லி ஜவுளிக் கடைக்காரர் பெண்டாட்டி. கடையில் ரவிக்கைத் துணியை எப்படி அடுக்குவார்களோ அப்படியே அடுக்கினாள். காலியான புடவை அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு, பச்சை, நீலம் என்று வெளிரிலிருந்து அடர்த்திக்கு வரிசையாக வைத்தாள். பெட்டியின் பக்கவாட்டில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. விளையாடத்தான் கஷ்டம். ஒரு சின்னக் கட்டை வேண்டுமென்றால் தங்கபுஷ்பம் எல்லாப் பெட்டியையும் கவிழ்க்க வேண்டும்.

"அளவு வாரியா வச்சா பாப்பாவுக்குச் சுலபமா இருக்குமே அக்கா" என்றாள் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த பங்கஜம்.

"எங்க வீட்டுல கலரைத்தான் முதல்ல பாப்போம்" என்றாள் சுந்தரவல்லி. அதன் பிறகு பங்கஜம் எந்த யோசனையும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய தங்கபுஷ்பம் அன்று காலையும் முறையிட்டாள்.

"நேத்தும் பச்சைக் கட்டையெல்லாம் சிவப்புப் பெட்டியில கிடந்துச்சும்மா. நாந்தான் பிரிச்சு வச்சேன். நான் பள்ளிக்கூடம் போன பிறகு யாரோ எடுத்து விளையாடுதாங்க."

"சித்திகிட்டக் கேட்டியாட்டி?"

"கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டா."

"போயிட்டாங்கன்னு சொல்லு" என்று மகளைத் திருத்தினாளே தவிர, அந்தச் சிரிப்பு சுந்தரவல்லியின் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

பத்து மணிக்கு மீன்காரி லூர்துமேரி கூடையை வாசற்படியில் இறக்கினாள்.

"இன்னாம்மா, எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்றே. வஞ்சிரம் கீது, பாரு."

"இன்னைக்கு வேண்டாம் மேரி. திருச்செந்தூர் போறோம்."

"போய்ட்டு வா. எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோ, சாமிங்களுக்குள்ள ஒண்ணும் சண்டை இல்ல." கூடையைத் தூக்கப் போனவள் நிறுத்தினாள். "ஆமா, ஒங்க கொழுந்தனாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஏன்?"

"நேத்து மத்தியானம் இந்தப் பக்கமா போய்க்கினு இருந்தேன். வாசல்ல அவரு சைக்கிள் நின்னுக்கினு இருந்திச்சு. முந்தாநேத்தும் பாத்தேன். கடை நேரத்துல ஊட்ல இன்னா வேலைன்னு நெனச்சேன். புதுசா கல்யாணம் ஆனவங்க, நமக்கு இன்னா" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

சுந்தரவல்லி சிரிக்கவில்லை. மத்தியானத்தில் அவள் வீட்டில் இருப்பதில்லை. எதிர்த் தெரு சுப்புலக்ஷ்மி அம்மாள் வீட்டில் தினமும் பாராயணம். அந்த நேரம் பார்த்து ஜவஹர் வருகிறான். அந்த நேரத்தில்தான் பெட்டிகள் திறக்கப்படுகின்றன. அப்படியானால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தா? பள்ளிக்கூடப் பையன் நாளிலிருந்து இவள் கையால் சோறு தின்ற ஜவஹரா?

அன்று பாராயணத்தில் அவள் வாய் முருகன் பெயரைச் சொன்னது. மனம் அட்டைப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாதியிலேயே எழுந்தாள்.

"என்ன வல்லி, தலைவலியா?" என்றாள் சுப்புலக்ஷ்மி அம்மாள்.

"ஊருக்குக் கிளம்பணும் மாமி, துணியெல்லாம் அடுக்கணும்."

வாசலில் சைக்கிள் நின்றிருந்தது. அவள் முன்வாசலுக்குப் போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் பின்கட்டுக்கு வந்தாள். செருப்பைக் கிணற்றடியில் விட்டாள். சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைகிறோமே என்று ஒரு கணம் கூசியது. ஆனாலும் நுழைந்தாள்.

கூடத்திலிருந்து கட்டைகள் உரசும் சத்தம் கேட்டது.

"இது?" என்றது பங்கஜத்தின் குரல்.

"பச்சை."

"சரி, இது?"

"இதுவும் பச்சைதானே?" என்றான் ஜவஹர்.

"அவசரப்படாதீங்க. ஜன்னல்கிட்ட வச்சுப் பாருங்க."

"ஜன்னல்கிட்ட வச்சா மட்டும் என்ன? ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது பங்கஜம்."

"நேத்து ஒரு ஜோடியைச் சரியாச் சொன்னீங்களே?"

"நேத்து அந்தப் பச்சையில ஒரு கீறல் இருந்துச்சு. அதைப் பாத்துச் சொன்னேன்."

பங்கஜம் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஆனால் அவன் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

கதவிடுக்கில் சுந்தரவல்லி பார்த்தாள். பாயில் எல்லாப் பெட்டிகளும் திறந்து கிடந்தன. ஜவஹர் சப்பணமிட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு கட்டையாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு பச்சைக் கட்டையைக் கொஞ்சமும் தயங்காமல் சிவப்புப் பெட்டியில் போட்டான்.

"வேட்டி, துண்டு செக்‌ஷன்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. எல்லாம் வெள்ளை. எந்தக் கரை எந்தத் தட்டுன்னு பழக்கத்துல கை போயிரும்" என்றான். "அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் என்னை மேட்சிங்ல உக்கார வைக்கப் போறாரு. சட்டைப் பையில ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் போட்டுக்கிட்டு, ஆள் இல்லாதப்பல்லாம் எடுத்து எடுத்துப் பாக்கேன். அதுலயும் சிவப்பைத் தொலைச்சுட்டேன்."

"தொலையல. துவைக்கப் போட்ட சட்டையில இருந்துச்சு. எடுத்து என் புடவைக்குள்ள வச்சேன். இப்பப் பாத்தா அங்கயும் காணோம்." பங்கஜம் குரலைத் தாழ்த்தினாள். "பெரியவங்ககிட்ட சொல்லிடலாமேங்க."

"சொன்னா? கலர் தெரியாதவன் ஜவுளிக் கடையில எதுக்குன்னு கேப்பாரு. அவர் கேக்காட்டியும் கடைப் பையன்க கேப்பாங்க. நீ யார்கிட்டயும் சொல்லப்படாது. மதினிக்கும் தெரியவேண்டாம். சத்தியம் பண்ணு."

சுந்தரவல்லி பின்னுக்கு நகர்ந்தாள். கிணற்றடிக்கு வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மூன்று மாதமாகத் தான் பார்த்த பார்வைகள், குத்தலாகச் சொன்ன சொற்கள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. "முருகா" என்றாள். பாராயணத்தில் வராத முருகன் இப்போதுதான் வந்தான்.

சைக்கிள் மணி கேட்டது. ஜவஹர் கடைக்குப் போய்விட்டான். அவள் எழுந்து சந்து வழியாகத் திரும்பவும் சுற்றிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்கும்படியாக முன்வாசல் வழியே உள்ளே வந்தாள்.

பங்கஜம் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

சுந்தரவல்லி ஒன்றும் கேட்காமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிவப்புக் கட்டையைப் பாயில் வைத்தாள்.

"இது உன் புடவைக்குள்ள இருந்துச்சு."

பங்கஜத்தின் முகம் வெளுத்தது. "அவரோட சட்டையில" என்று தொடங்கிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை முடித்தால் போதும், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் முடிக்கவில்லை. "நான்தான் எடுத்தேன் அக்கா" என்றாள்.

"எதுக்கு?"

"அளவு வாரியா அடுக்கிப் பாக்கலாம்னு. உங்ககிட்டக் கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு கேக்கல."

"தினமுமா எடுத்தே?"

"ஆமா."

"பச்சையையும் சிவப்பையும் கலந்தது?"

"அதுவும் நான்தான். கவனமில்லாம வச்சுட்டேன்." கண்ணில் நீர் திரண்டது. ஆனால் குரல் உடையவில்லை. "காலையில நீங்க பேசினது கேட்டுச்சு அக்கா. என்கிட்டச் சாவி குடுக்க உங்களுக்கு மனசில்லைன்னா இசக்கியம்மாள் அக்காவையே வரச் சொல்லுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். எங்க அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன்."

புருஷனுக்குக் கொடுத்த ஒரு வாக்குக்காகத் தன் நல்ல பேரையே எடுத்துப் பாயில் வைக்கிறாள் இந்தப் பெண். நமக்கு இவளைத் தெரியவே தெரியாது போலிருக்கிறதே.

இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தாள்.

"பெரிய சாவி பீரோவுக்கு. கொஞ்சம் தூக்கித் திருப்பணும், இல்லாட்டி மக்கர் பண்ணும். இந்தப் பித்தளைச் சாவி அடுக்களைக்கு. சாமி விளக்குக்கு நல்லெண்ணெய் பின் தட்டுல இருக்கு. பால்காரன் தண்ணி ஊத்துவான், நின்னு பாத்து வாங்கு."

பங்கஜம் கையை நீட்டவில்லை. "அக்கா, நான்தான் எடுத்தேன்னு சொல்லுதேனே."

"கேட்டுச்சு. பிடி." அவள் உள்ளங்கையை விரித்துச் சாவியை வைத்து மூடினாள். "இன்னொண்ணு. நாங்க திரும்பி வாரதுக்குள்ள இந்தப் பெட்டி எல்லாத்தையும் அளவு வாரியாவே மாத்திரு. கலர் பேரு எழுதி ஒட்டினதைக் கிழிச்சுரு. யாரு எடுத்து யாரு வச்சாலும் தப்பு வராது."

பங்கஜம் அவளை உற்றுப் பார்த்தாள். இப்போது சந்தேகம் அந்தப் பக்கம் போயிற்று. "அக்கா, நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் வாரேன். செருப்புச் சத்தம் கேக்கலையா?" என்றாள் சுந்தரவல்லி. போகிற இடம் திருச்செந்தூர்; இந்தப் பொய்யையும் அங்கேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

எழும்பூர் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்தது. ஜவஹர் பெட்டி படுக்கையை ஏற்றி வைத்தான். கூஜாவில் தண்ணீர் பிடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தான். தங்கபுஷ்பம் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சித்தப்பா, சித்தி என் கட்டையை எல்லாம் புதுசா அடுக்கப் போறாங்களாம், பெருசு தனியா, சின்னது தனியா" என்றாள். அவன் சுந்தரவல்லியை ஒரு தடவை பார்த்துவிட்டு, தண்டவாளத்தைப் பார்க்கத் தொடங்கினான்.

நல்லசிவம் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஏ வல்லி, உன் கொழுந்தன் இன்னைக்கு என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? நான் கிளம்புற நேரம் மயிலாப்பூர் வக்கீல் ஸ்ரீரங்கன் வீட்டுலேர்ந்து ஆள் வந்தான். கல்யாணப் புடவை அத்தனைக்கும் ரவிக்கைத் துணி எடுத்து வைக்கணும், நாளைக்குக் காலையில அனுப்பணும்னான். எனக்கு நேரமில்ல. ஜவஹர்கிட்ட விட்டேன். தனி ஆளா உக்காந்து எல்லாத்துக்கும் எடுத்து, பொட்டலமும் கட்டிட்டான். நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. என் தம்பி கட்டினதை நான் பாக்கணுமா?"

பிளாட்பாரத்தில் நின்ற ஜவஹரின் முகம் வியர்த்திருந்தது. அது பெட்டி தூக்கிய வியர்வை இல்லை.

கார்டு விசில் ஊதினார். சுந்தரவல்லிக்கு யோசிக்க நேரமில்லை. கணவரிடம் சொன்னால் இன்றே எல்லாம் உடைந்துபோகும். சொல்லாமல் விட்டால் நாளைக் காலையில் அந்தப் பொட்டலம் மயிலாப்பூர் போய்விடும். கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே பிரித்துப் பார்ப்பார்கள். அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அவனை அருகே அழைத்தாள்.

"தம்பி, அந்தப் பொட்டலத்தை அப்படியே அனுப்பிராதே. நேரா கடைக்குப் போய் அதையும் புடவைகளையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. காலையில வெளிச்சம் வந்ததும் பங்கஜம் ஒரு தடவை பிரிச்சுப் பாக்கட்டும். அவ சரின்னு சொன்ன பிறகு அனுப்பு."

ஜவஹர் அவளையே பார்த்தான். "மதினி, உங்களுக்கு" என்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவன் கூடவே நாலடி நடந்தான். பிறகு நின்று, கூட்டத்தின் நடுவே, கையைக் கூப்பினான்.

பிளாட்பாரம் பின்னால் போயிற்று. சுந்தரவல்லி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

நல்லசிவம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உற்சாகம் போய்விட்டிருந்தது.

"நம்ம கடைச் சரக்கைப் பங்கஜம் எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்?"

"சும்மாதான். கல்யாணக் காரியம், பொம்பளை கண்ணு ஒண்ணு பட்டா நல்லதுன்னு."

"காலையில அவகிட்டச் சாவி குடுக்கவே யோசிச்சே. இப்பக் கடையையே குடுக்கே." அவர் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அவன் எதுக்கு என்னை விட்டுட்டு உன்னைப் பாத்துக் கும்பிட்டான்? எனக்குத் தெரியாம என் வீட்டுல என்ன நடக்குது வல்லி?"

காலையில் அவள் பங்கஜத்தைப் பார்த்த அதே பார்வை இப்போது எதிர்ப் பலகையிலிருந்து அவளைப் பார்த்தது. அதைத் தாங்குவது இவ்வளவு சிரமம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வண்டி மாம்பலத்தைத் தாண்டியது. நல்லசிவம் பதிலுக்குக் காத்திருந்தார்.